'உன் உண்டியல் காசு எங்கேயும் போகாது!' - குழந்தைகளுக்குச் சேமிப்பைப் பழக்க, முதலில் இந்த வாக்கைக் காப்பாத்துங்க!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பட்டினப்பாக்கம் கடற்கரையில் பஜ்ஜிக் கடைகளுக்கும் மீன் வறுவல் கடைகளுக்கும் நடுவே நல்ல கூட்டம். ஆறு வயது இருக்கும், ஒரு பையன். மேலே சுண்டிவிட்டால் நீல நிறத்தில் மின்னிக்கொண்டே இறங்குமே, அந்த லைட்டுப் பொம்மையைப் பார்த்துவிட்டான்.

"அப்பா, அது வேணும்."

"காசு இல்லடா கண்ணா. அப்பா பர்ஸ் எடுத்துட்டு வரல."

பையன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "போன் இருக்குல்ல, ஸ்கேன் பண்ணு!"

அப்பாவிடம் பதில் இல்லை. சிரித்துக்கொண்டே ஸ்கேன் பண்ணினார். பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கும் சிரிப்புதான் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பையன் அன்றைக்கு இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொண்டான். ஒன்று, போனில் இருக்கிற காசு தீராது. இரண்டு, பெரியவங்க 'காசு இல்ல'ன்னு சொன்னா அது உண்மையா இருக்கணும்னு அவசியம் இல்ல.

'இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குக் காசோட அருமை தெரியல' என்று எல்லா வீட்டிலும் ஒரு புலம்பல் இருக்கிறது. முதல் விஷயத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஆனால், சேமிப்புப் பழக்கத்தையே தீர்மானிப்பது அந்த இரண்டாவது விஷயம்தான். அதாவது, நம்பிக்கை.

நம்ம எல்லாருக்கும் ஒரு பழைய பாக்கி இருக்கு!

கொஞ்சம் சின்ன வயதுக்குப் போய் வாங்க. ஊரிலிருந்து வந்த மாமா கிளம்பும்போது கையில் 100 ரூபாய் திணிப்பார். அவர் தெரு முனை திரும்புவதற்குள் அம்மா வந்துவிடுவார். "குடு, நான் பத்திரமா வெச்சிருக்கேன்." அந்தப் பணம் இன்றுவரை பத்திரமாகத்தான் இருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை!

சிரிக்கிற விஷயம்தான். மாசக் கடைசியில் கேஸ் சிலிண்டருக்கோ, கரன்ட் பில்லுக்கோ நம் உண்டியலைக் கவிழ்த்த அம்மாக்கள் மேல் கோபப்படவும் முடியாது. அந்த வீட்டின் நிலைமை அப்படி. ஆனால், கேட்காமல் எடுத்த காசு திரும்ப வராதபோது ஒரு குழந்தை என்ன முடிவுக்கு வரும்? 'சேர்த்து வெச்சா யாராவது எடுத்துடுவாங்க. கையில இருக்கும்போதே சாக்லேட் வாங்கிடணும்.' குழந்தையின் கோணத்தில் இது புத்திசாலித்தனமான முடிவு!

இதை ஓர் ஆய்வே காட்டியிருக்கிறது. 'இந்த மிட்டாயை இப்பவே சாப்பிடலாம், கொஞ்ச நேரம் பொறுத்தா ரெண்டா கிடைக்கும்' என்று குழந்தைகளிடம் சொல்லிப் பார்க்கும் 'மார்ஷ்மெல்லோ டெஸ்ட்' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2013-ம் ஆண்டு அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். 28 குழந்தைகள். எல்லோருக்கும் முதலில் தேய்ந்துபோன கலர் க்ரேயான்களைக் கொடுத்து, 'கொஞ்சம் பொறுங்க, புதுசு கொண்டு வர்றேன்' என்றார்கள். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டு வந்தார்கள். மீதிப் பாதியிடம், 'ஸாரி, இல்லையாம்' என்று கைவிரித்தார்கள். அடுத்து ஸ்டிக்கரிலும் இதே கதை. அதன் பிறகுதான் மிட்டாய்.

வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடங்கள் பொறுத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடங்கள்தான். முழு 15 நிமிடமும் காத்திருந்தது முதல் குழுவில் 14 பேரில் 9 பேர். இரண்டாவது குழுவில் ஒரே ஒருவர்.

சின்ன ஆய்வுதான். ஆனாலும் சேதி தெளிவு. பொறுமை இல்லாத குழந்தை என்று நாம் நினைப்பது, பல நேரங்களில் நம்மை நம்பாத குழந்தையாக இருக்கலாம். சேமிப்பு என்பதும் காத்திருப்புதானே!

குப்பத்தில் ஒரு பாடம்

சேமிப்பு எதற்கு என்று குழந்தைக்கு விளக்க பெரிய புத்தகம் தேவையில்லை. அதே பட்டினப்பாக்கத்தில் கொஞ்ச தூரம் நடந்தால் சீனிவாசபுரம். சாந்தோம் பக்கம் போனால் லூப் ரோடு, நொச்சிக்குப்பம். கடலை நம்பி வாழும் குடும்பங்கள். மாசம் 1-ம் தேதி சம்பளம் வருகிற வாழ்க்கை இல்லை அது. ஒருநாள் வலை நிறையும். மறுநாள் டீசல் செலவுக்கே தேறாது. புயல், மழை என்றால் படகு கரையிலேயே கிடக்கும்.

இதற்காகவே அரசின் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம் ஒன்று மீனவர்களுக்கு இருக்கிறது. கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினராக உள்ள மீனவர், மீன் கிடைக்கும் மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக 1,500 ரூபாய் கட்டுவார். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 3,000 ரூபாய் போடும். ஆக மொத்தம் 4,500 ரூபாய், மீன்பாடு குறைந்த மாதங்களில் அவர் கைக்கு வரும். மீன் விற்கும் பெண்களுக்கும் தமிழ்நாட்டில் இதேபோல தனித் திட்டம் இருக்கிறது.

தொகை பெரிதில்லை. ஆனால், இந்த ஏற்பாட்டில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. எதற்காகச் சேமிக்கிறோம் என்பது தெரியும். எப்போது திரும்பக் கிடைக்கும் என்பது தெரியும். நாம் போட்டால் இன்னொருவரும் கூடப் போடுவார் என்பது தெரியும். நம் வீட்டு உண்டியலில் பெரும்பாலும் இந்த மூன்றுமே இருப்பதில்லை. 'சேர்த்து வை, பின்னாடி உதவும்' என்கிறோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு 'பின்னாடி' என்றால் எப்போது? அவளுக்கு நாளைக்கே ரொம்ப தூரம்!

அதனால், உண்டியலுக்கு ஒரு பெயரும் தேதியும் கொடுங்க. 'ஸ்கேட்டிங் ஷூ, பொங்கல் லீவு' என்று ஒரு பேப்பரில் எழுதி ஒட்டுங்க. 'நீ 50 ரூபாய் சேர்த்தா, நான் 50 போடுறேன்' என்று சொல்லுங்க. சொன்னால், அந்த 50 ரூபாயை அன்றைக்கே போட்டுவிடுங்க.

காசைக் கண்ணில் காட்டுங்க

இப்போது அந்தப் பையனின் முதல் பாடத்துக்கு வருவோம். முன்பெல்லாம் அப்பா பர்ஸைத் திறந்தால் உள்ளே எத்தனை நோட்டு இருக்கிறது, எத்தனை குறைகிறது என்று குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும். மாசக் கடைசியில் பர்ஸ் மெலிவதும் தெரியும். 2016-ல் யு.பி.ஐ வந்தது. இன்று இளநீர்க் கடையிலும் சவுண்ட் பாக்ஸ் பேசுகிறது. நமக்கு வசதி. ஆனால், காசு கைமாறுவதையே பார்க்காமல் ஒரு தலைமுறை வளர்கிறது. கேமில் டைமண்ட் வாங்க அம்மா போனில் பணம் போய்விட்டது என்று ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டால், அவனுக்கு அது பணம் என்றே தோன்றியிருக்காது.

அதற்காக போனைத் தூக்கிப்போட முடியாது. இரண்டு விஷயங்கள் செய்யலாம்.

முதலாவது, பீச் பட்ஜெட். அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது 100 ரூபாய் நோட்டு ஒன்றைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடுங்க. "இன்னிக்கு உனக்கு இவ்ளோதான். சுண்டலா, பொம்மையா, ராட்டினமா, நீயே முடிவு பண்ணு." பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். அதே பிள்ளை நான்கு கடைகளில் விலை கேட்கும். பேரம்கூட பேசும். மிச்சம் 20 ரூபாய் இருந்தால், அது அவளுடையது. திரும்ப வாங்காதீங்க.

இரண்டாவது, ஸ்கேன் பண்ணும்போது போனைக் காட்டுங்க. 'இதுல 2,000 இருந்துச்சு. மளிகைக்கு 650 போச்சு. இப்ப எவ்ளோ மிச்சம், சொல்லு?' கணக்குக்கு கணக்கும் ஆச்சு, பணம் தீரும் என்பதும் புரிஞ்சாச்சு.

இன்னொன்று முக்கியம். வாங்க வேண்டாம் என்று முடிவு செய்தால், 'காசு இல்ல' என்று சொல்லாதீங்க. அடுத்த நிமிடமே நாம் டீ வாங்கிக் குடிப்பதைக் குழந்தை பார்க்கும். 'காசு இருக்கு. ஆனா அது உன் ஸ்கூல் வேன் ஃபீஸுக்கு எடுத்து வெச்சது' என்று உண்மையைச் சொல்லுங்க. உண்மையாகவே இல்லாத மாதத்தில், 'இந்த மாசம் கொஞ்சம் டைட், அடுத்த மாசம் பார்ப்போம்' என்று பதற்றமில்லாமல் சொல்லலாம். கடன், வட்டி என்று நம் கவலையை எல்லாம் அந்தச் சின்னத் தலையில் இறக்கி வைக்க வேண்டியதில்லை.

பள்ளிக்கூட பேங்க் ஞாபகம் இருக்கா?

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் 'சஞ்சாயிகா' என்று சொல்லிப் பாருங்கள். பள்ளி மாணவர்களுக்காக 1970-ல் தொடங்கப்பட்ட சேமிப்புத் திட்டம் அது. பத்துக் காசு, நாலணா என்று கொண்டு போய்க் கட்டலாம். இதன் சிறப்பு என்ன தெரியுமா? ஆசிரியர் மேற்பார்வையில், கணக்கு எழுதும் வேலையை மாணவர்களே செய்தார்கள். தன் பெயரில் ஒரு பாஸ்புக், அதில் கூடிக்கொண்டே போகும் எண்கள். உலக சிக்கன நாள் என்று ஒன்றும் உண்டு. 1924-ல் இத்தாலியின் மிலன் நகரில் நடந்த மாநாட்டில் அக்டோபர் 31 என்று முடிவானது. இந்தியாவில் இதை அக்டோபர் 30-ம் தேதி கொண்டாடுகிறோம். தமிழ்நாட்டில் சிறுசேமிப்புத் துறை மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி எல்லாம் நடத்தியது உண்டு.

கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவர்களைவிட, பாஸ்புக்கில் கணக்கு எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் சேமிப்பு அதிகம் ஒட்டியிருக்கும் என்பது என் எண்ணம். இதை வீட்டிலேயே செய்யலாம். ஒரு 40 பக்க நோட்டு போதும். வரவு, செலவு, மிச்சம். எழுதுவது குழந்தை. கையெழுத்துப் போடுவது நீங்கள்.

எந்த வயதில் என்ன செய்யலாம்?

4 - 6 வயது: மண் உண்டியல் அழகுதான். மயிலாப்பூர் மாட வீதியில் நவராத்திரி நேரத்தில் கொலு பொம்மைகளோடு தேடினால் கிடைக்கும். ஆனால், இந்த வயதுக்குக் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டப்பாதான் பெஸ்ட். ஏறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இலக்கு சின்னதாக, இரண்டு மூன்று வாரத்தில் முடிகிற மாதிரி இருக்கட்டும்.

7 - 9 வயது: வாரம் ஒரு நாள், சின்னத் தொகை. 20 ரூபாயாக இருந்தாலும் போதும், நாள் தவறக் கூடாது. செலவுக்கு, சேமிப்புக்கு, கொடுப்பதற்கு என்று மூன்று டப்பாக்கள். பல் தேய்க்க, ஹோம்வொர்க் செய்ய எல்லாம் காசு கொடுத்துப் பழக்காதீங்க. பிறகு தண்ணீர் எடுத்து வரச் சொன்னாலும் 'எவ்ளோ தருவ?' என்ற கேள்வி வரும்.

10 வயதுக்கு மேல்: சொந்தக் கணக்கு. 10 வயது முடிந்த சிறார்கள் தாங்களே வங்கிக் கணக்கு தொடங்கி இயக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 2025 ஏப்ரலில் இதற்கான விதிகளைத் திருத்தியும் வெளியிட்டது. எவ்வளவு வரை எடுக்கலாம், ஏ.டி.எம் கார்டு உண்டா என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். தபால் அலுவலகத்திலும் 10 வயதுக்கு மேற்பட்டவர்கள் தங்கள் பெயரில் கணக்கு தொடங்கலாம். குறைந்தபட்சம் 500 ரூபாய். 2025 நிலவரப்படி வட்டி 4 சதவிகிதம்.

அங்கேயே மாதம் 100 ரூபாயில் ஆர்.டி-யும் இருக்கிறது. வட்டி 6.7 சதவிகிதம் என்றால், ஐந்து வருடத்தில் கட்டுவது 6,000. முடிவில் கிடைப்பது சுமார் 7,136 ரூபாய். 'அந்த 1,136 ரூபாய் யார் குடுத்தா?' என்று பிள்ளை கேட்கும். வட்டி பற்றிச் சொல்லித்தர அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

பெண் குழந்தைகளுக்கு 'செல்வமகள் சேமிப்புத் திட்டம்' இருக்கிறதே என்று கேட்கலாம். 10 வயதுக்குள் தொடங்க வேண்டும், வருடத்துக்கு 250 ரூபாயிலிருந்து ஒன்றரை லட்சம் வரை போடலாம், 2025-ல் வட்டி 8.2 சதவிகிதம். அருமையான திட்டம். தாராளமாகப் போடுங்கள். ஆனால், அது குழந்தைக்காக நீங்கள் சேமிப்பது. குழந்தை சேமிப்பது வேறு. அதற்கு அந்த டப்பாவும் நோட்டும்தான் வேண்டும்.

டீன் ஏஜ்: எங்கே போடுவது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டிய வயது. பட்டினப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1872-ல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பர்மனென்ட் ஃபண்ட், தலைமுறை தலைமுறையாகப் பலர் பணம் போட்டு வைத்த நிறுவனம். போட்ட பணம் திரும்பக் கிடைக்கவில்லை என்று முதலீட்டாளர்கள் புகார் கொடுக்க, 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைது செய்யப்பட்டார். பாதிக்கப்பட்டவர்களில் ஓய்வுபெற்ற முதியவர்கள் பலர். வங்கியில் போடும் பணத்துக்கு, ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. இதுபோன்ற நிதி நிறுவனங்களில் போடும் பணத்துக்கு அது கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்தை 15 வயதிலேயே தெரிந்துகொண்டால், 50 வயதில் வாசலில் நின்று அழ வேண்டியிருக்காது.

சிக்கனம் வேற, கஞ்சத்தனம் வேற!

குழந்தை தன் காசில் தப்பான பொருள் வாங்கட்டும். 60 ரூபாய் கார் ஒரே நாளில் உடைந்துவிட்டதா? 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று ஆரம்பிக்காதீங்க. புதிதாக வாங்கியும் கொடுக்காதீங்க. 60 ரூபாயில் கற்றுக்கொண்ட பாடம் ரொம்பச் சீப்! அதையே 25 வயதில் இ.எம்.ஐ போட்டுக் கற்றுக்கொண்டால் விலை அதிகம்.

அதேபோல, எதற்கும் செலவே பண்ணாமல் உண்டியலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்காரவும் பழக்க வேண்டாம். இலக்கு முடிந்ததும் உடைக்க வேண்டும், வாங்க வேண்டும், கொண்டாட வேண்டும். 2018 கேரள வெள்ளத்தின்போது விழுப்புரத்தைச் சேர்ந்த ஒரு சிறுமி, சைக்கிள் வாங்க சுமார் நான்கு வருடமாக உண்டியலில் சேர்த்த ஏறக்குறைய 9,000 ரூபாயை நிவாரணத்துக்குக் கொடுத்தது நினைவிருக்கிறதா? ஒரு சைக்கிள் நிறுவனம் பிறகு அவளுக்கு சைக்கிள் கொடுத்தது. அது இருக்கட்டும். யாரும் வற்புறுத்தி உண்டியலைப் பிடுங்கியிருந்தால் அது செய்தியாகியிருக்காது. தன்னுடையது என்ற உறுதி இருந்ததால்தான் அவளால் கொடுக்க முடிந்தது.

இந்த ஞாயிறு ஒரு வேலை

கடைசியாக, ஒரு கேள்வி. உங்கள் பிள்ளையின் உண்டியலிலிருந்து, பால்காரருக்கோ ஆட்டோவுக்கோ சில்லறை எடுத்திருக்கிறீர்களா? உண்மையைச் சொல்லுங்க!

எடுத்திருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, 'அம்மா உன்கிட்ட 140 ரூபாய் வாங்கியிருக்கேன். இந்தா, 10 ரூபாய் வட்டியோட 150' என்று எண்ணிக் கையில் கொடுங்க. இனி அவசரத்துக்குத் தேவைப்பட்டால் கேட்டு எடுங்க, என்று திருப்பித் தருவீர்கள் என்று அந்த நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அவள் 'தர முடியாது' என்று சொன்னால், விட்டுவிடுங்க. அது அவள் காசு.

அந்த 150 ரூபாயை அவள் என்ன செய்வாள் என்று பாருங்கள். பெரும்பாலும் திரும்ப உண்டியலில்தான் போடுவாள்.